படைவிட்டு வந்த வண்டி

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தோல் பதனிடுதல் என்பது புதிய செய்தியன்று. பச்சைத் தோல் தானாகவே அழுகும் இயல்புடையது. அதை உரிய காலத்தில் எடுத்து, சுண்ணாம்பிலே ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் நாட்கணக்கிற் கிடத்தினால், அழுக வேண்டிய தோல் பல தலைமுறை நிலைக்கும் பொருளாகிறது. அழிவை நிறுத்தி வைப்பதே பதனிடுதலின் சாரம்.

இன்று நான் சொல்ல வந்தது தோலைப் பற்றியன்று; இரும்பைப் பற்றி. இரும்பும் ஒரு வகையிற் பச்சைத் தோலைப் போன்றதே. காற்றும் ஈரமும் சேர்ந்து அதைத் தின்றுவிடுகின்றன. பழைய இராணுவ வண்டிகளைத் தேடி எடுத்து, துருவை நீக்கி, பழுதைச் சீர்செய்து, மீண்டும் ஓடும் நிலையில் வைத்துக் காப்பதை ஓய்வு நேரக் கலையாகக் கொண்டோர் உலகெங்கும் இருக்கின்றனர். அமெரிக்காவில் இத்தகையோருக்கென இராணுவ ஊர்திப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1976-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில், 1944 ஜூன் மாதப் படையிறக்கத்தின் நினைவாக, பழைய ஜீப்புகளும் லாரிகளும் ஆண்டுதோறும் அணிவகுக்கின்றன. இந்தியாவிலும் இவ்வார்வம் உடையோர் உளர். இக்கலை யாது, இதனால் விளையும் பயன் யாது, இதிலுள்ள பொறுப்புகள் யாவை என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் வண்டிகளின் வரலாறு. இக்கலையின் அகரமாக விளங்குவது ஜீப். 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களும் உந்தித் தள்ளும் சிறிய வண்டியொன்று வேண்டுமென 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. மாதிரி வண்டியை 49 நாட்களில் முடித்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவிலிருந்த பேண்டம் என்னும் சிறு நிறுவனம் துணிந்து முன்வந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைபடங்களை வரைந்தார். 1940 செப்டம்பர் 23-ஆம் நாள் மாதிரி வண்டி இராணுவ முகாமைச் சென்றடைந்தது. ஆயினும் பேண்டம் சிறிய நிறுவனம் ஆதலால், பெரும்பகுதி உற்பத்தி வில்லிஸ் ஓவர்லாண்டு, போர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்குச் சென்றது. போர் முடிவதற்குள் அவை இரண்டும் ஏறக்குறைய 6,40,000 ஜீப்புகளைச் செய்து குவித்தன. முதலில் துணிந்தவன் ஒருவன், பயன் அடைந்தவர் வேறொருவர் என்பதற்கு வரலாற்றில் இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அவ்வண்டியின் அமைப்பு எளிமையானது. நான்கு சிலிண்டர்கள், 2.2 லிட்டர் கொள்ளளவு, 60 குதிரைசக்தி உடைய பெட்ரோல் என்ஜின். ஆறு வோல்ட் மின்சாரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஆற்றலைப் பிரித்தளிக்கும் துணைக் கியர்ப்பெட்டி. எண்பது அங்குலச் சக்கர இடைவெளி. போர்க்களத்திலே சாதாரணச் சிப்பாய் சாதாரண ஸ்பானரைக் கொண்டு பழுது பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அமைக்கப்பட்டமையால், எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதைக் கழற்றவும் பூட்டவும் இயலுகிறது.

இவ்வண்டிகள் நம் நாட்டுக்கும் வந்தன. பர்மாப் போர்முனையிலும், 1944-இல் இம்பாலிலும் கோகிமாவிலும் நடந்த கடும்போர்களிலும், இந்திய வீரர்கள் ஜீப்பைப் பயன்படுத்தினர். சேறு நிறைந்த மலைப்பாதைகளில் வெடிப்பொருள் ஏற்றிச் சென்ற அதே வண்டி, திரும்பும்போது காயமுற்றோரைத் தூக்குப் படுக்கையோடு சுமந்து வந்தது. போர் முடிந்ததும் உபரியான வண்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. ‘டிஸ்போசல் சாமான்’ என்ற சொல் அக்காலத்திலேதான் நம் கடைத்தெருவில் புழக்கத்திற்கு வந்தது. வாங்கியவர்கள் அவற்றைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மரக்கூப்புகளுக்கும் மலைச்சாலைகளுக்கும் பயன்படுத்தினர்.

விடுதலைக்குப் பின் நாமே வண்டி செய்யத் தொடங்கினோம். 1945-இல் நிறுவப்பெற்ற மகிந்திரா நிறுவனம், 1947 முதற்கொண்டு வில்லிஸ் ஜீப்பை இந்தியாவிலேயே பூட்டி விற்கும் பணியை மேற்கொண்டது. 1959-இல் ஜபல்பூர்ப் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில், ஜெர்மானிய ‘மான்’ நிறுவனத்தின் உரிமம் பெற்று ‘சக்திமான்’ லாரி உருவாயிற்று. ஜப்பானிய நிசான் வண்டியைத் தழுவி அதே ஜபல்பூரில் ‘ஜோங்கா’ பிறந்தது. ஜபல்பூர்த் தொழிற்சாலைகளின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயரே அது. சென்னைக்கு அருகே ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965 முதல் ‘விஜயந்தா’ டாங்கி உருவாயிற்று. பணி ஓய்வு பெற்ற விஜயந்தா டாங்கிகளை இன்று பல ஊர்களின் நாற்சந்திகளிலும் கல்லூரி வாயில்களிலும் காண்கிறோம். இவ்வண்டிகளையெல்லாம் களத்திற் பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்றது 1943 அக்டோபர் 15-ஆம் நாள் தோன்றிய இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவாகும்.

இராணுவ வண்டிக்கும் ஓய்வுண்டு. உரிய காலம் ஓடி முடித்த வண்டிகள் ஒதுக்கப்பட்டு, ஏலத்தில் விடப்படுகின்றன. முன்னாளில் திடலிலே கூவி விற்றனர். இந்நாளில் 1964-இல் நிறுவப்பெற்ற எம்.எஸ்.டி.சி. என்னும் அரசு நிறுவனத்தின் மின்னேலம் வழியாகப் பெருமளவு விற்கப்படுகின்றன. ஏலத்தில் எடுக்கப்பட்ட வண்டிகளிற் பல பழைய இரும்புக் கடைக்குச் சென்று, வெட்டப்பட்டு, உலையில் உருகி, கட்டடக் கம்பியாகிவிடுகின்றன. தப்பிப் பிழைத்த சிலவே ஆர்வலர் கைக்கு எட்டுகின்றன. உருகிய வண்டியை மீட்க வழியில்லை.

இனி, வண்டி ஒன்று கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை யாவை?

முதற்படி, ஸ்பானரைத் தொடாமல் வண்டியைப் படித்தல். மருத்துவர் மருந்து எழுதுமுன் நோயாளியை ஆராய்வதில்லையா? அதுபோல. வில்லிஸ் ஜீப்பா, போர்டு ஜீப்பா என்று எப்படி அறிவது? போர்டு நிறுவனம் தன் போல்ட்டுகளின் தலையிற்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. போர்க்கால ஜீப்பின் தகட்டு முகப்பில் ஒன்பது பிளவுகள். போருக்குப் பின் பொதுமக்களுக்கெனச் செய்தவற்றில் ஏழு. இந்திய இராணுவ வண்டியாயின், பதிவுப் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியும், அதையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரு எண்களும் இருக்கும். அவ்வம்பு, அரசுடைமைக்கு அடையாளமாக ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகளாக இட்டு வந்த குறியின் தொடர்ச்சி. பழைய வண்ணத்தை மெல்லச் சுரண்டினால், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கடுக்காய் நிறங்கள் தோன்றும். அடியில் பச்சை, அதன்மேல் ஒரு தோட்டக்காரர் பூசிய நீலம், அதற்கும் மேல் பின்னொருவர் பூசிய சிவப்பு. அவ்வடுக்குகளே அவ்வண்டியின் வாழ்க்கை வரலாறு. அதைக் குறித்துக்கொள்ளாமல் உப்புத்தாளால் தேய்த்து எறிபவன், படிக்காத ஓலைச்சுவடியை அடுப்பிலிட்டவனுக்கு ஒப்பாவான்.

இரண்டாம் படி, கழற்றுதல். கழற்றுவது எளிது, கழற்றிய முறையை நினைவில் வைப்பது அரிது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு நட்டையும் அதற்குரிய பெட்டியிலிட்டுச் சீட்டெழுதி ஒட்டுதல் வேண்டும். இதற்கென ஒரு குறிப்பேடு வைத்து, நாளும் வேலையும் எழுதி வருதல் வேண்டும். குறிப்பேடில்லாத பட்டறை, வருகைப் பதிவேடில்லாத பள்ளிக்கூடம் போன்றது.

மூன்றாம் படி, என்ஜின். பல்லாண்டு கிடந்த என்ஜினில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு துருவால் இறுகிக் கிடக்கும். பொறுமையற்றவன் நெம்புகோல் போட்டுத் திருகுவான். உள்ளே ஏதேனும் முறியும். அறிந்தவன் தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி, அவ்வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றி, நாட்கணக்கில் விட்டுவிடுவான். எண்ணெய் இடுக்குகளிற் கசிந்து துருவை நெகிழ்த்தும். பின்னர்க் கையால் மெல்ல ஆட்டிப் பார்ப்பான். தோல் பதனிடுவோருக்கு ஊறவைத்தலின் அருமையைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அவசரத்தில் எடுத்த தோலும் கெடும். அவசரத்தில் திருகிய என்ஜினும் கெடும்.

குளிர்விப்பானுக்கு ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். நம் பகுதியில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அதை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும், உட்சுவர் அரிக்கும். காய்ச்சி வடித்த நீரே உத்தமம். பெட்ரோல் தொட்டியின் உட்புறத்தைத் துப்புரவு செய்யாமல் என்ஜினை ஓட்டினால், தொட்டியின் துருவெல்லாம் கார்புரேட்டரில் வந்து சேரும். யாவற்றினும் முக்கியமான விதி ஒன்றுண்டு: வண்டியை ஓடச் செய்வதற்கு முன் நிற்கச் செய்தல் வேண்டும். பிரேக் செம்மையாகும் வரை என்ஜின் ஓடினாலும் வண்டி பட்டறை வாயிலைத் தாண்டலாகாது.

இவ்விடத்தில் நம் பகுதியின் தோலறிவு இரும்புக்கு உதவும் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அது தோலின் புரதத்தோடு கூடினால் தோல் பதமாகிறது. அதே டானின் இரும்புத் துருவோடு கூடினால் என்ன ஆகும்? நீலங்கலந்த கருநிறச் சேர்மமொன்று தோன்றி, இரும்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, மேலும் துருவேறுவதைத் தடுக்க உதவுகிறது. நம் முன்னோர் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுதுமை காய்ச்சியது இவ்வேதியியலைக் கொண்டே. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களைக் காப்போரும் இந்த டானிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றனர். கடைகளில் விற்கும் துருமாற்றித் திரவங்கள் பலவற்றிலும் இதுவே உறைகிறது. நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கடுக்காய்த் தூளை ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். துருப்பிடித்த ஆணியொன்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தளர்ந்த துருவை உதிர்த்துவிட்டு, அதிலே இடுங்கள். சில மணி நேரத்தில் செம்மை மறைந்து கருமை தோன்றும். பாட நூலில் இரு வரியாகக் கிடக்கும் வேதிவினை, உங்கள் கண்முன் நிகழும்.

தோல் நேரடியாகவும் வண்டிக்குப் பயன்பட்டது. எண்ணெய் கசியாமல் அச்சைச் சூழ்ந்து காக்கும் வளையங்களைச் செயற்கை ரப்பர் பரவுவதற்கு முன் தோலினாலேயே செய்தனர். 1942-இல் மலேயா சப்பானியர் வசமானபோது நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து பெரிதும் குன்றியது என்பதையும் இங்கே நினைவு கூர்க. கைப்பம்பிலும் சைக்கிள் பம்பிலும் உள்ள தோல் வாஷரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவந்தான். பட்டைபோட்டுப் பதனிட்ட தோலை நனைத்து அச்சிலிட்டு உலர்த்தினால் அவ்வுருவிலேயே நிற்கும். குரோமியத்தாற் பதனிட்ட தோல் மென்மையானது, வெப்பத்தைத் தாங்குவது. எந்த வேலைக்கு எந்தத் தோல் என்னும் அறிவு நம் ஊர்களிற் பலரிடம் இருக்கிறது. குரோமியப் பதனிடுதலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னையில் அறிமுகம் செய்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1948-இல் அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அவ்வறிவை ஆராய்ச்சியால் வளர்த்தது. முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்துத் தோல் பிரிட்டிஷ் படைவீரரின் பூட்சுகளுக்குப் பெருமளவிற் சென்றது. ஆகவே இராணுவமும் நம் தோல் தொழிலும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.

இதனால் ஓர் ஆசையும் பிறக்கக்கூடும். நம் ஆம்பூர்த் தோல் உலகப் புகழ் பெற்றது. அதைக் கொண்டே ஜீப்பின் இருக்கைகளைத் தைத்தால் என்ன அழகாக இருக்கும்! அழகாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையாக இராது. போர்க்கால ஜீப்பின் இருக்கை முரட்டுக் கான்வாஸ் துணியால் ஆனது. மழையில் நனைந்து வெயிலிற் காய்ந்து, சேற்றுக் காலணியோடு ஏறி இறங்கிய வீரனுக்காக அமைந்தது அது. அதன்மேல் மெத்தென்ற தோலைப் போர்த்தினால், வருங்காலத்தார் அவ்வீரன் சொகுசாக அமர்ந்து சென்றான் என்று எண்ணுவர். சிறு பொய்தான். ஆயின் வரலாற்றில் சிறு பொய் என்பது கிணற்றில் விழுந்த ஒரு துளி மண்ணெண்ணெய் போன்றது. குடத்துக்குக் குடம் அது நாறும்.

இக்கலையின் அறம் இங்கேதான் இருக்கிறது. புதுப்பித்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. பழைய பாகம் பயன்படுமாயின் அதையே சீர்செய்து பூட்டுதல் வேண்டும். முடியாதபோது புதியது செய்து பூட்டி, இன்னது புதியது, இன்ன ஆண்டில் மாற்றப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். செல்லாத போர்முனைக்குச் சென்றதாகப் படைச்சின்னம் எழுதுதல் கூடாது. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ‘டைகர் 131’ என்னும் ஜெர்மானிய டாங்கி இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவிற் பிடிபட்டது. நெடிய உழைப்புக்குப் பின் 2003-இல் மீண்டும் தன் ஆற்றலால் நகர்ந்தது. அவ்வளவு பெரிய பணியில் எது பழையது, எது மாற்றியது என்ற கணக்கு இருந்தாலன்றி, அது காட்சிப் பொம்மையாகுமே தவிர வரலாற்றுச் சான்றாகாது.

உண்மைக்கும் சட்டத்திற்கும் முரண் தோன்றும் இடமும் ஒன்றுண்டு. நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, இராணுவ ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கே உரியதாக ஒதுக்கியிருக்கிறது. பிறர் வண்டிக்கு அந்நிறம் ஆகாது. காரணம் தெளிவு: படைவண்டி எது, பொதுவண்டி எது என்று காவலருக்கும் மக்களுக்கும் ஐயமின்றித் தெரிய வேண்டும். பழைய இராணுவ வண்டியைப் பழைய நிறத்திலேயே வைக்க விரும்பும் ஆர்வலர் என் செய்வது? சட்டத்தை மீறி உண்மையைக் காப்பது முறையன்று. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி, ஒப்புக்கொள்ளும் நிறத்தைப் பூசி, மூல நிறத்தின் ஒரு சிறு பகுதியை மறைவிடத்தில் மேற்பூச்சின்றி விட்டுவைத்துக் குறிப்பேட்டிலும் பதிவுசெய்யலாம். நாட்டின் சட்டத்தை மதிப்பதும் படைவீரனை மதிப்பதன் ஓர் உறுப்பேயாகும்.

பழைய வண்டிகளுக்கெனத் தனி விதிகளும் 2021 ஜூலையில் வெளிவந்தன. முதற் பதிவு செய்து ஐம்பது ஆண்டு கடந்த, தனிப்பயன்பாட்டுக்குரிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றிற் பெருமாற்றம் செய்யாது மூல வடிவிலேயே பேணியிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது. உண்மையாகப் பேணுக என்று நான் சொன்னதையே சட்டமும் சொல்கிறது பாருங்கள்.

இனி, உங்களிற் சிலர் உள்ளத்தில் எழக்கூடிய வினாவுக்கு வருவோம். போர் கொடியது, போரின் கருவியை ஏன் போற்றிக் காக்க வேண்டும்? இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. காந்தியடிகள் பிறந்த நாட்டில் இதைக் கேட்காமல் இருப்பதே தவறு.

விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் செல்லுங்கள். 1806 ஜூலை 10-ஆம் நாள் அங்கே இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களைக் கொதிப்படையச் செய்த காரணங்களுள் ஒன்று, புதிய தலைப்பாகையில் பொருத்தப்பட்ட தோற்குஞ்சம். ஒரு துண்டுத் தோல்! அத்தலைப்பாகைகளுள் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினால், அக்கிளர்ச்சியின் காரணத்தை ஒரு மாணவன் ஒரு நொடியில் உணர்வான். நூறு பக்கம் படித்தாலும் அவ்வுணர்வு அரிது. பொருள் சாட்சி சொல்லும் தன்மை உடையது. நாம் பழைய போர்வண்டியைக் காப்பது போரைப் போற்றுவதற்கன்று; சாட்சியைக் காப்பதற்கே. குண்டு துளைத்த தகட்டின் முன் நிற்கும் இளைஞன் போரை விளையாட்டென்று நினைக்கமாட்டான். மகாராட்டிரத்தில், முன்னர் அகமதுநகர் என வழங்கிய அகில்யாநகரிலுள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்திற்குச் செல்வோர், அங்கு நிற்கும் டாங்கிகளுக்குள் எவ்வளவு குறுகிய இடத்தில் மனிதர் அடைந்து கிடந்து போரிட்டனர் என்பதைக் கண்டு வியப்பதைவிட வருந்துவதே இயல்பு.

மேலும், நம் பகுதி படைவீரரை மிகுதியாகத் தந்த பகுதி. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு இராணுவத்தினரைக் கொண்ட ஊரெனப் பெயர் பெற்றது. 1780-இல் தோன்றிய சென்னைப் பொறியாளர் படைப்பிரிவிலும், பிற படைப்பிரிவுகளிலும் தமிழர் ஆற்றிய பணி பெரிது. அவர்களுள் துப்பாக்கி ஏந்தியோரை மக்கள் அறிவர். வண்டி ஓட்டியவரையும், இரவெல்லாம் விளக்கு மறைத்துக்கொண்டு பழுது பார்த்தவரையும் யார் அறிவர்? சக்திமான் லாரியின் கியரைப் பனிமலையில் மாற்றத் தெரிந்த கை, இன்று நம் ஊர்த் திண்ணையில் முதுமையால் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அக்கை ஓய்ந்தபின் அவ்வித்தை எங்கே இருக்கும்? எந்தக் கையேட்டிலும் முழுதாக இராது. வண்டி அழிந்தால் இரும்பு போயிற்று. ஓட்டியவர் மறைந்தால் அறிவு போயிற்று. இரண்டில் எது பெரிய இழப்பு என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

மற்றோர் எதிர்ப்பு, இது செல்வர் வேலை என்பது. வண்டி வாங்குவதும் காப்பதும் பொருட்செலவு உடையன என்பதை மறைக்க மாட்டேன். குடும்பச் செலவைக் குறைத்து இதில் இறங்குதல் அறிவுடைமை ஆகாது. மாணவர்க்கோ வண்டியே வேண்டுவதில்லை. பழைய சைக்கிள், பழுதான தையல் இயந்திரம், கிணற்றடியில் துருவேறிக் கிடக்கும் கைப்பம்பு ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, கழற்றி, எழுதி, துடைத்து, பூட்டிப் பாருங்கள். ஜீப்பிற்கு வேண்டிய பொறுமையும் ஒழுங்கும் அதற்கும் வேண்டும். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவின் வழியினர் அமைத்துள்ள மோட்டார் அருங்காட்சியகத்தைச் சுற்றுலாவிற் காணும் வாய்ப்புக் கிடைத்தால், வெளி மினுமினுப்போடு நின்றுவிடாமல் வண்டியின் அடிப்புறத்தையும் குனிந்து பாருங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.

கூட்டாகச் செய்தால் இக்கலை இன்னும் இனிக்கும். ஒருவனுக்கு லேத் தெரியும். ஒருவனுக்கு மின்கம்பி இணைப்புத் தெரியும். வேதியியல் படித்தவன் துருவைக் கவனிப்பான். வரலாறு படித்தவன் ஆவணம் தேடுவான். தையலறிந்தவன் கான்வாஸ் தைப்பான். சாதியும் சமயமும் வகுப்பும் பட்டறை வாயிலோடு நின்றுவிடும். கிரீஸ் படிந்த கைகளுக்கெல்லாம் ஒரே நிறம்.

கடைசியாக ஒரு கடமை. தோல் தொழில் நமக்குச் சோறளித்தது. அதன் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. இதன்பொருட்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழற் சட்டத்திற்கே ஓர் அடிப்படையாயிற்று. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதும் அதில் நிலைநாட்டப்பட்ட கொள்கைகள். பெரிய தொழிற்சாலைக்கு உரிய அறம் சிறிய பட்டறைக்கும் உரியதே. என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுபவனுக்கு, பாலாற்றுக்காக வருந்த உரிமை இல்லை. அதை மூடிய கலத்திற் சேர்த்து, உரிமம் பெற்ற சுத்திகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசியை ஊதிக் களையலாகாது. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். முகமூடியின்றி உலர்ந்த நிலையிற் சுரண்டலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருகாலும் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே உட்புகுக. பழம்பொருளைக் காக்கப் புகுந்து உயிரை இழப்பது பேதைமை.

சீர்செய்து முடித்தபின் வேலை முடிந்ததென்று எண்ண வேண்டா. நின்ற வண்டி ஓடிய வண்டியினும் விரைவிற் கெடும். மாதம் ஒருமுறையேனும் என்ஜினை நன்கு சூடேறும்வரை ஓட்டுதல், பேட்டரியைக் கவனித்தல், டயர்கள் ஒரே இடத்திற் பாரம் தாங்கிச் சப்பையாகாமற் பார்த்தல், மழைக்காலத்திற்கு முன் அடித்தகட்டை ஆராய்தல் ஆகியன வாழ்நாள் முழுதும் தொடரும் பணிகள். சீர்செய்தல் ஒரு பருவத்து ஊக்கம்; பேணுதல் ஒரு வாழ்நாட் பழக்கம். முன்னதற்குக் கைதட்டல் கிடைக்கும்; பின்னதை எவரும் காணார். நாட்டுப் பணிகளிற் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே.

ஆகவே மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தெருவிலோ அடுத்த ஊரிலோ இராணுவத்தில் வண்டி ஓட்டிய அல்லது பழுது பார்த்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரை வணங்கி, அருகில் அமர்ந்து, எந்த வண்டி, எந்த மலை, என்ன பழுது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டும் இடமும் தவறாமற் குறியுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு வண்டி வேண்டா, பணமும் வேண்டா. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.